முட்டுதுன்னு சொல்ல முடியாதவர்கள்

சித்த மருத்துவம் படிக்கப் போகிறவர்களை முதலில் மிரட்டுவது பட்டியல்கள்தாம். தத்துவம் 96, வாயு 10, உடற்கட்டு 7 என்று எண்ணிக்கையிலேயே முதல் ஆண்டு ஓடிவிடும். எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எங்கள் கூட்டம், விடுதி மொட்டை மாடியில் நடந்துகொண்டே இவற்றை ஒப்பிக்கும். 1964இல் தொடங்கிய கல்லூரி அது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அப்படித்தான் நடந்து நடந்து படித்திருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் பாதிப் பட்டியல் காற்றோடு போனது. இரண்டு மட்டும் பணிக்காலம் முழுக்க என்னோடு வந்தன.

ஒன்று, பதினான்கு வேகங்கள். உடம்பு தன்பாட்டில் கிளப்பிவிடும் உந்துதல்களுக்கு எங்கள் நூல்களில் வேகம் என்று பெயர். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை வரும்போது விட வேண்டும், அடக்கக் கூடாது. எதை அடக்கினால் என்ன நோய் வரும் என்றும் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் எரிச்சலும். மலத்தை அடக்கினால் தலைவலியும் முழங்காலுக்குக் கீழே நோவும். கண்ணீரை அடக்கினால் பீனிசம் என்ற மூக்குநோயும் கண்நோயும்.

மற்றது, 96 தத்துவங்களுக்குள் வரும் ஆசைகளின் பட்டியல். ஏடணை மூன்று: பொருளின் மேல், பிள்ளைகளின் மேல், உலகத்தின் மேல் வைக்கும் பற்று. இராகம் எட்டு: காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம், இடும்பை, அகங்காரம். இவற்றை அடக்க வேண்டும். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் இதே போக்கில்தான் பேசுகிறது. அதில் வேகங்கள் பதின்மூன்று. அடக்கக் கூடாத உடம்பின் வேகங்களையும், அடக்க வேண்டிய மனத்தின் வேகங்களையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, மருத்துவம் சுலபம்தான் என்று நினைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்தப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் என்று மாறி மாறிப் பணி. மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் வரிசை. வரிசையில் நிற்பவருக்கு ஸ்டூலில் இருப்பவர் பேசுவது கேட்கும். பட்டியலில் இருக்கும் பதினான்கு சொற்களில் ஒன்றுகூட அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் வாயிலிருந்து நேராக வராது.

"சூடு பிடிச்சிருக்கும்மா" என்பார்கள். சிறுநீர் எரிகிறது என்று பொருள். "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் வெள்ளைப்படுதலாக இருக்கலாம். "வயிறு சரியில்ல" என்பது மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதிலிருந்து மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை என்பது வரை எதுவாகவும் இருக்கும். ஆண்கள் "நரம்புத் தளர்ச்சி" என்று ஆரம்பித்தால் பின்னால் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்ததும் கம்பவுண்டரை அழைத்து வரிசையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வேன்.

எங்களுக்கு எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, தொடுகை, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பாம்பாய் நீள்கிறதா, மோதிரமாய் வட்டமிடுகிறதா, முத்தாய் நிற்கிறதா என்று பார்க்கும் நெய்க்குறியைப் பற்றி வெளியில் நிறையப் பேசுவார்கள். எட்டில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மொழி. பாடத்தில் அதற்கு நோயாளியின் குரல் உரத்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என்பார்கள். நான் கவனிக்கக் கற்றுக்கொண்டது, ஆள் எந்த வினைச்சொல்லைப் போட்டுப் பேசுகிறார் என்பதை.

எங்கள் பக்கத்துச் சனங்கள் பெயரை மறைப்பார்கள், வினையை மறைக்க மாட்டார்கள். உடம்பின் வேகம் என்றால் அது "வருது", "எடுக்குது", "முட்டுது." தூக்கம் வருது, கொட்டாவி வருது. பசி எடுக்குது, தாகம் எடுக்குது. ஒண்ணுக்கு முட்டுது, அழுகை முட்டுது, மூச்சு முட்டுது. ஆசை என்றால் வினை மாறிவிடும். நாக்கு கேக்குது, மனசு இழுக்குது, கை போகுது, கண்ணு அங்கேயே நிக்குது. முதல் வகையில் ஆள் ஒன்றும் செய்வதில்லை, வருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வகையில் உடம்பின் ஏதோ ஓர் உறுப்பு, வீட்டுக்குள் அடம்பிடிக்கும் பிள்ளைபோல் எதையோ கேட்டுக்கொண்டு நிற்கிறது. சர்க்கரை நோயாளி "பசிக்குதும்மா" என்றால் மாத்திரையின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் பார்ப்பேன். "நாக்கு கேக்குதும்மா" என்றால் அவர் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தாலும் வைத்தியம் வேறு.

இரண்டு வகைக்கும் நம்மிடம் பொதுவாக இருப்பது எதிர்ப்பக்கத்து வினை: அடக்கு. கோபத்தை அடக்கு, ஆசையை அடக்கு, ஒண்ணுக்கை அடக்கு. பெண்பிள்ளையைப் பெருமையாகச் சொல்வதும் அடக்க ஒடுக்கமான பிள்ளை என்றுதான். இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று கலந்துபோவது இந்த இடத்தில். கலந்துபோனதன் விளைவுதான் என் வரிசையில் பாதிப் பேர்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும், சுருளில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேலை வீட்டில், கழிப்பறையும் வீட்டில். மேஸ்திரி யாரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டால், "எந்திரிச்சா கையோட்டம் போயிரும்மா, மறுபடி உக்காந்து பிடிக்கதுக்குள்ள அம்பது பீடி போயிரும்" என்றார் ஒருவர். காலையில் தட்டை எடுத்தால் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்க வேண்டாமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. நீர்வேட்கையும் ஒரு வேகம்தான். ஒன்றை அடக்குவதற்காக இன்னொன்றை முன்கூட்டியே அடக்கிவிடுகிறார்கள்.

வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பையில் ஏறக்குறைய 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு எழும். 400, 500 என்று போகும்போது வேறு எதிலும் கவனம் நிற்காது. இதைத் தினமும் எல்லை வரை இழுத்துக்கொண்டிருந்தால், சிறுநீரோடு வெளியே போக வேண்டிய கிருமிகள் உள்ளேயே தங்கிப் பெருகுகின்றன. தண்ணீர் குறைந்தால் கல்லும் சேருகிறது. எங்கள் நூல் இதை அபானனின் போக்கைத் தடுப்பது என்று சொல்லும். அபானன் என்றால் கீழ்நோக்குங்கால், கீழே தள்ள வேண்டியதைத் தள்ளும் காற்று. தள்ளவிடாமல் பிடித்தால் அது திரும்பி வந்து வேறு இடத்தில் வேலையைக் காட்டும் என்பது நூலின் கணக்கு. சிறுநெருஞ்சில் குடிநீரோ நீர்முள்ளிக் குடிநீரோ எழுதுவேன். குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்திருந்தால் குடிநீரில் நேரத்தைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்தான் வழி. இதில் சித்த மருத்துவத்துக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் போட்டி எதுவும் இல்லை.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வேறு கதை சொன்னார்கள். கிராமத்திலிருந்து வந்து கடை விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள். நின்றுகொண்டே புடவையை விரித்துப் போட வேண்டும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் சாப்பாட்டு நேரமும் சுருங்கும். கழிப்பறை வேறு மாடியில் இருக்கும், போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் ஆண். "என்னன்னுக்கா சொல்லுவேன்? தலைவலின்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு நாளைக்கு எத்தன தலைவலி சொல்ல முடியும்?" என்று கேட்டாள் ஒருத்தி. டாக்டரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்படிக் கூப்பிட்டதால்தான் மிச்சத்தையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். மாதவிலக்கு நாட்களில் துணியை மாற்றப் போக முடியாததைப் பற்றி, கால் வீங்குவதைப் பற்றி.

கேரளம் 2018இல், தமிழ்நாடு 2021இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. நாற்காலிக்காக ஒரு சட்டம் வேண்டியிருந்ததா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். என் வரிசையில் நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. இளைப்பு என்று எங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு சொல் இருக்கிறது. உழைத்த உடம்பு கொஞ்சம் ஓயக் கேட்பது. அந்த ஒரு வேகத்தை மட்டும் இந்தத் திருத்தம் தொட்டது. தொழிற்சாலைகளில் கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. இருக்கை வந்த கடைகளிலும், கழிப்பறை இருக்கிற ஆலைகளிலும், கேட்காமல் எழுந்து போகலாமா என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளை அம்மாக்கள் கூட்டி வருவார்கள். அடிவயிற்று வலி, அடிக்கடி காய்ச்சல். காலையில் வீட்டில் போனது, அதன்பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, அல்லது "இப்பதானே பீரியட் ஆரம்பிச்சுது" என்று டீச்சர் சொல்லிவிட்டார். தண்ணீர் பாட்டில் முழுதாகத் திரும்பி வருகிறது என்று அம்மா குறைப்படுவார். கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். குடித்த தண்ணீர் போக வழியும் சேர்ந்து இருந்தால்தான் பிள்ளைகள் அந்த மணிக்கு மதிப்புக் கொடுப்பார்கள்.

நான் மருந்துச் சீட்டில் சூரணத்தின் பெயருக்குக் கீழே, "கேட்கும்போது வெளியே அனுப்பவும்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுக்க ஆரம்பித்தேன். சீட்டைப் பார்த்த ஆசிரியர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் மட்டும் வகுப்பு முழுமைக்கும் அதை விதியாக்கிவிட்டதாக அந்தப் பிள்ளையின் அம்மா வந்து சொன்னார். ஒரு பிள்ளைக்கு எழுதிய சீட்டில் வகுப்பே குணமானது என் பணிக்காலத்தில் அது ஒன்றுதான்.

பசியின் விஷயத்தில் மட்டும் இந்த மாநிலம் வேறு மாதிரி நடந்துகொண்டது. காலை அசெம்பிளியில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு காலத்தில் சுகாதார நிலையத்தில் சாதாரணம். "காத்துப் பிடிச்சிருக்கு", "கண்ணு பட்டிருக்கு" என்பார்கள். நாடியைத் தொட்டாலே தெரியும், வயிற்றில் ஒன்றும் இல்லை. எட்டயபுரத்தில் 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்ததை எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. படிப்பில் கவனம், வருகைப் பதிவு என்று அதன் பலன்களைப் பேசுகிறார்கள். வைத்தியக் கண்ணுக்கு அது வேறு. ஏழைப் பிள்ளையின் பசியை அடக்கச் சொல்லி உபதேசம் செய்யாமல், அது அடக்கக் கூடாத வேகம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட காரியம்.

ஆண்கள் அடக்குவது பெரும்பாலும் மலத்தை. காலையில் ஏதாவது சாப்பிட்டதும் குடல் தானாக அசைந்து கொடுக்கும், அப்போது வரும் உணர்வை மதித்தால் மலச்சிக்கல் என்ற பேச்சே பாதி குறைந்துவிடும். பஸ் ஓட்டுநருக்கு அந்த நேரத்தில்தான் முதல் டிரிப். பிடித்து வைத்தால் மலம் இறுகுகிறது, நாளாக நாளாக உணர்வே மங்கிவிடுகிறது. பிறகு மூலம். கருணைக்கிழங்கு லேகியம் கொடுப்பேன், கடுக்காய் கொடுப்பேன். நேரப் பலகையை மாற்றித் தர என்னிடம் சூரணம் இல்லை. தூக்கமும் அப்படித்தான். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. லாரி ஓட்டும் ஒருவர் என்னிடம், தூக்கம் வராமலிருக்க எங்கள் மருந்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தூக்கம் வர மருந்து கேட்பவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி புதிது. ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குங்கள் என்றேன். "சரக்கு போய்ச் சேரணுமே டாக்டரம்மா" என்றார்.

வெளியில் சிரிப்புக்குரியதாகத் தோன்றும் தும்மலையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மூக்கைப் பொத்தி, வாயை மூடித் தும்மலை விழுங்குகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 34 வயதுக்காரர் ஒருவர் அப்படி அடக்கியதில் தொண்டை உள்ளே கிழிந்து, குழாய் வழியே உணவு கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதானது. 2018இல் அது மருத்துவ இதழில் வந்தபோது, பயிற்சி மருத்துவர்களிடம் அச்செடுத்துக் கொடுத்தேன். நம் பட்டியலில் இரண்டாவது சொல் எதற்காக இருக்கிறது என்று அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

பட்டியலில் மிகவும் அவதிப்படுவது பதின்மூன்றாவது சொல், சுக்கிலம், அதாவது விந்து. "வாலிப வயோதிக அன்பர்களே" என்று ஆரம்பிக்கும் விளம்பரத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் இல்லை. லாட்ஜில் அறை எடுத்து, எந்தத் தேதியில் எந்த ஊரில் சந்திக்கலாம் என்று நோட்டீஸ் போட்டு, எங்கள் மருத்துவத்தின் பெயரைச் சொல்லிச் சம்பாதிப்பவர்கள். ஒரு சொட்டு விந்து போனால் இத்தனை சொட்டு இரத்தம் போனது மாதிரி என்று கணக்குச் சொல்லிப் பையன்களைக் கதிகலங்க வைப்பார்கள். இந்தப் பயத்திலிருந்து வரும் சோர்வு, தூக்கமின்மை, கைகால் நடுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் தாத் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார். கல்லூரிப் பையன்கள் வற்றிய முகத்தோடு என் முன்னால் உட்கார்ந்து, பெண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று சுவரைப் பார்ப்பார்கள். நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பட்டியலைக் காட்டுவேன். "இதுவும் பதினாலுல ஒண்ணு, தம்பி. அடக்கினா சுரம், நீர்க்கட்டு, மூட்டு வலின்னு எழுதியிருக்கு. போனா சாவேன்னு எங்கேயும் எழுதல." நூலே தங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் பலருக்கு அன்றைக்கே பசி எடுத்துவிடும். மருந்தென்று ஒன்றும் எழுத வேண்டியிருக்காது.

பெண்களுக்கு இப்படி ஆதரவாக ஒரு வாசகத்தைப் புத்தகத்தில் காட்ட வழியில்லை. பழைய நூல்கள் சுக்கிலத்தைப் பேசும்போது அவர்கள் கண்ணில் இருப்பது ஆண்தான். பெண்ணின் ஆசையை ஊரே கூடிக் கேட்கும் காலம் ஒன்று உண்டு, அது மசக்கை. "என்ன தின்னணும்போல இருக்கு, சொல்லு தாயி" என்று மாமியாரே கேட்பார். மாங்காய், புளி, ஏழாம் மாதத்தில் சித்திரான்னம். அந்த உரிமையில் கொஞ்சம் துணிந்து சில பெண்கள் என்னிடம் வேறு ஒன்றைச் சொல்வார்கள்: "மண்ணு திங்கணும்போல இருக்கும்மா." சிலருக்குச் சாம்பல், சிலருக்குச் சிலேட்டுக் குச்சி, செங்கல், பச்சரிசி, விபூதி. மழை பெய்து கிளம்பும் மண் வாசனைக்கு வாயில் எச்சில் ஊறுகிறது என்று ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு பல நேரம் இப்படித்தான் கண்டதைக் கேட்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், இந்தியாவில் 57 சதவீதம். வீட்டில் அதை மசக்கை என்று கொண்டாடிவிட்டு விட்டுவிடுவார்கள், அல்லது பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். அன்னபேதிச் செந்தூரமும், செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும், பேறுகாலப் பரிசோதனையும் என்று ஒழுங்காகப் போனால் மண்ணாசை தானே விட்டுப்போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம், ஆசை என்று நாம் தள்ளுவதில் எத்தனை, உடம்பு வேறு வழியில்லாமல் கேட்கும் கேள்வி என்று தோன்றும்.

கண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துக்கம் நடந்து சில வாரம் கழித்து "நெஞ்சு அடைக்குது" என்று வரும் ஆண்களை முதலில் இ.சி.ஜி. எடுக்க அனுப்புவேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, செத்துப்போனவரைப் பற்றிக் கேட்பேன். பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. ஆண்களுக்கு "நீயே உடைஞ்சுட்டா பிள்ளைக என்ன செய்யும்" என்ற வாசகம் மட்டும் கிடைத்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தால் அவசரப்படுத்த மாட்டேன். வரிசையும் அந்த நேரத்தில் முணுமுணுக்காது.

இரண்டாம் பட்டியலை வைத்துக்கொண்டு நான் நேராக வைத்தியம் செய்தது குறைவு. பேராசையாய் இருக்கிறது என்று சொல்லி யாரும் ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை. ஆசையை அடக்குவதற்கு எங்கள் பத்தியத்தில் ஓர் இடம் உண்டு. சில மருந்துகளுக்கு உப்பு, புளி தள்ளுவதோடு உடலுறவையும் தள்ள வேண்டும், இச்சாபத்தியம் என்று பெயர். வயதானவர்கள் "இச்சாபத்தியம் உண்டாம்மா?" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். புளிக்குழம்பு இல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தவமாக இருக்கும். நாக்கு செத்துப்போச்சு என்று புலம்புவார்கள்.

எங்கள் பிரிவுக்குக் காரில் வருபவர்களும் உண்டு. ஒரு வியாபாரி வந்துகொண்டிருந்தார். ஜவுளி இல்லை, வேறு தொழில். சர்க்கரை, பாத எரிச்சல், தூக்கக் கேடு. இனிப்பைப் பற்றிக் கேட்டால் நாக்கு கேட்கிறது என்று ஒத்துக்கொள்வார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, "இன்னொரு கிளை போட்டுட்டா நிம்மதியா உக்காந்திருவேன் டாக்டரம்மா" என்றார். முந்தைய கிளை போடும்போதும் அதையே சொல்லியிருந்தார். பொருளேடணை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "ஆளு வச்சு வேல வாங்குறது கஷ்டம்மா. பொம்பளப் பிள்ளைக அடிக்கடி பாத்ரூமுக்குப் போயிருதுக."

அதற்குப் பிறகுதான் மொட்டை மாடியில் ஒப்பித்த இரண்டு பட்டியல்களையும் நான் சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தில் இரண்டும் ஒரே ஆளின் உடம்புக்குள் நடப்பவை. இதை நீ விடு, அதை நீ அடக்கு. எங்கள் வரிசையில் அப்படி இல்லை. அடக்க வேண்டியதை ஒருவர் அடக்காமல் விட, அடக்கக் கூடாததை இன்னொருவர் அடக்கிக்கொண்டு நிற்கிறார். முதலாளியின் ஏடணைக்கு விற்பனைப் பெண்ணின் நீர்ப்பை விலை கொடுக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலியைக் கட்டியவரின் கணக்கு, தட்டைவிட்டு எழுந்திருக்காத பெண்ணின் சிறுநீரகத்தில் கல்லாகச் சேர்கிறது. வகுப்பில் தன் அதிகாரம் குறைந்துவிடக் கூடாது என்ற அகங்காரத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறாள். நூல் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, மருந்து எழுதுபவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பணியின் கடைசி ஆண்டுகளில் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்களுக்கு நோய்க்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, பதினான்கு வேகங்களையும் வரிசையாகக் கேட்கச் சொல்வேன். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், "முட்டினா உடனே போவீங்களா? பசிச்சா உடனே சாப்பிடுவீங்களா?" என்று வினையைப் பிடித்துக் கேளுங்கள் என்பேன். ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு கேள்வி இருக்கும்: "அதுக்கு யாரைக் கேக்கணும்?" யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் சிறுநெருஞ்சில் குடிநீர் சீக்கிரம் கேட்கிறது. மற்றவர்கள் மாதாமாதம் வந்து வாங்கிப் போகிறார்கள்.